இருக்கிற கம்ப்யூட்டரிலேயே இரண்டு மானிட்டரும் வீடியோ எடிட்டிங்கும்

நிக்காஹ், வலீமா, மதரஸா ஆண்டு விழா, கடைத் திறப்பு என்று இன்று எல்லாவற்றுக்கும் வீடியோ வேண்டியிருக்கிறது. கேமரா பிடிப்பவர் ஒருவர் என்றால், எடுத்ததை வெட்டிச் சேர்த்துக் கொடுப்பவர் பெரும்பாலும் இன்னொருவர். இந்த எடிட்டிங் வேலையை வீட்டில் இருந்தபடியே செய்யலாம். அதனால் படிப்பு முடித்த பிள்ளைகள் பலர், குறிப்பாக வெளியூர் போய் வேலை பார்க்க வசதிப்படாத பெண் பிள்ளைகள், இதைக் கற்று வருகிறார்கள். நல்ல முயற்சிதான்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. "இந்தக் கம்ப்யூட்டரில் எடிட்டிங் ஓடாது, புதுசு வேணும், ரெண்டு மானிட்டர் வேணும்" என்று பிள்ளை கேட்கிறது. கடையில் விசாரித்தால் பெரிய தொகை சொல்கிறார்கள். கையில் பணம் இல்லாத வீட்டில் உம்மாவின் வளையல் அடகுக்குப் போகிறது, அல்லது வட்டித் தவணையில் கையெழுத்து விழுகிறது. வேலை வந்து வருமானம் தொடங்கும் முன்பே கடன் தொடங்கிவிடுகிறது.

பெரும்பாலான வீடுகளில் இதற்கு அவசியமே இல்லை. ஐந்தாறு வருடப் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைக்கூட, எந்த பாகம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்து, ஒவ்வொன்றாக மாற்றினால் திருமண வீடியோ எடிட்டிங்குக்குத் தயார் செய்துவிடலாம். பிள்ளைகள் மட்டுமல்ல, செலவுக்குப் பணம் கொடுக்கும் பெற்றோரும் இதைப் படித்துப் புரிந்துகொள்வது நல்லது.

முதலில் பிராசஸரைப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் உள்ள பிராசஸரின் பெயரைப் பாருங்கள். இன்டெல் ஐ5-4570 என்றிருந்தால் அது நான்காம் தலைமுறை. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. கோட்டுக்குப் பின் வரும் எண்ணின் தொடக்கமே தலைமுறையைச் சொல்லிவிடும்.

இதை ஏன் பார்க்க வேண்டும்? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். ஆகவே வீட்டில் இருப்பது எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் அதில் பணம் போடலாம். அதைவிடப் பழையது என்றால் பெரிய செலவு செய்யாதீர்கள். கற்றுக்கொள்ள அதையே வைத்துக்கொண்டு, வேறு கம்ப்யூட்டருக்குச் சேமிப்பதே சரி.

அலுவலகங்கள் கழித்துவிடும் டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. அப்படி வாங்குவோரும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். மிக மலிவு என்று சொல்லி விற்கப்படும் நான்காம், ஆறாம் தலைமுறை இயந்திரங்களை எடிட்டிங்குக்காக வாங்க வேண்டாம்.

இங்கே உதாரணமாக ஒரு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம்: ஐ5-8500 பிராசஸர், 8 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அலுவலகங்களில் பரவலாக இருந்த அமைப்பு இது. 2018-இல் வந்த இந்தப் பிராசஸரில் ஆறு கோர்கள் இருக்கின்றன. வீடியோ எடிட்டிங்குக்கு இது மோசமான அடித்தளம் அல்ல.

எங்கே திணறுகிறது என்று கண்டுபிடியுங்கள்

காய்ச்சல் என்று போனவுடனே எல்லா மருந்தையும் எழுதித் தருபவர் நல்ல மருத்துவர் அல்ல. கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். எடிட்டிங் மென்பொருளை ஓடவிட்டுக்கொண்டே இதைப் பாருங்கள்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா? ரேம் போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்திலேயே கிடக்கிறதா? ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுக்கவில்லை. சி.பி.யு. 100 சதவீதத்தில் நிற்கிறதா? வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையைப் பிராசஸர் தனியே இழுத்துக்கொண்டிருக்கிறது. எது திணறுகிறதோ அதை மட்டும் சரிசெய்தால் போதும். நம் உதாரண இயந்திரத்தில் முதலில் திணறப்போவது டிஸ்க், அடுத்தது ரேம்.

எஸ்.எஸ்.டி. தான் முதல் செலவு

பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு சுமார் 100 முதல் 200 மெகாபைட் வரை படிக்கும். அதுவும் கோப்பு ஒரே இடத்தில் வரிசையாக இருந்தால்தான். சாட்டா கேபிளில் மாட்டும் எஸ்.எஸ்.டி. நொடிக்கு சுமார் 500 மெகாபைட் படிக்கும். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் என்.வி.எம்.இ. வகை அதைவிடப் பல மடங்கு வேகம். விண்டோஸையும் எடிட்டிங் மென்பொருளையும் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினாலே, இது பழைய கம்ப்யூட்டர்தானா என்று கேட்கத் தோன்றும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மதர்போர்டில் எம்.2 என்ற ஸ்லாட் இருந்தால்தான் என்.வி.எம்.இ. மாட்ட முடியும். சில எம்.2 ஸ்லாட் சாட்டா வகையை மட்டும் ஏற்கும். சில, வைஃபை கார்டுக்கு மட்டும் உரியவை. கம்ப்யூட்டரின் மாடல் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். ஸ்லாட் இல்லாவிட்டால் சாட்டா எஸ்.எஸ்.டி.யே போதும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். முடிந்த வேலைகளைச் சேமிக்க அது உதவும். எவ்வளவு இடம் தேவைப்படும் என்று ஒரு கணக்குப் போடுவோம். கேமரா நொடிக்கு 50 மெகாபிட் அளவில் ஃபுல் எச்.டி. பதிவு செய்தால், அது நொடிக்கு 6.25 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜி.பி. ஆகிறது. ஒரு நிக்காஹை இரண்டு கேமரா நான்கு மணி நேரம் எடுத்தால் 180 ஜி.பி. இதையே நொடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே-யில் எடுத்தால் 360 ஜி.பி. ஆகவே 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. விண்டோஸுக்குச் சரி, வேலைக்குப் போதாது. 500 ஜி.பி. இருந்தால் நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையை அதில் வைத்துச் செய்யலாம். முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம்.

ரேம்: இரண்டாவது செலவு

8 ஜி.பி. ரேமில் ஃபுல் எச்.டி. எடிட்டிங் ஓடும், ஆனால் இழுக்கும். 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி. 4கே வேலையும் கிராபிக்ஸ் எழுத்துகளும் அதிகம் செய்வோருக்கு 32 ஜி.பி. நல்லது. தொடங்கும்போதே 32 வேண்டும் என்பதில்லை.

டாஸ்க் மேனேஜரில் மெமரி என்ற இடத்தில் எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது, ரேமின் வேகம் என்ன என்று தெரியும். ஒரே 8 ஜி.பி. துண்டு இருந்து இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜி.பி. துண்டு வாங்கிச் செருகுங்கள். ஒரே துண்டை விட இரண்டு துண்டு சேர்ந்து வேலை செய்யும்போது தகவல் போகும் பாதை இரண்டாகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர் இந்த ரேமையே படம் காட்டவும் பயன்படுத்துவதால், அதற்கு இது கூடுதல் பலன்.

டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஒன்றுக்குப் பதில் ஒன்று பொருந்தாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. அழுத்திச் செருகப் பார்த்தால் ஸ்லாட் உடையும். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போவதே பாதுகாப்பு. கழற்றும் முன் மின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

இரண்டு மானிட்டருக்குத் தனி கார்டு வேண்டுமா?

எடிட்டிங் செய்வோர் ஒரு திரையில் டைம்லைனையும், மற்றொன்றில் ஓடும் படத்தையும் வைத்துக்கொள்வார்கள். கண்ணுக்கும் நேரத்துக்கும் இது பெரிய உதவி. ஆனால் இரண்டு மானிட்டர் என்றாலே கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும் என்பது தவறான எண்ணம். ஐ5-8500 பிராசஸரோடு வரும் உள் கிராபிக்ஸே மூன்று திரை வரை தாங்கும். மதர்போர்டின் பின்பக்கம் எத்தனை வழி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டரின் பின்னால் பாருங்கள். நீல நிறத்தில் 15 துளையோடு இருப்பது வி.ஜி.ஏ. டி.வி.யில் இருப்பது போன்றது எச்.டி.எம்.ஐ. ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்டது டிஸ்ப்ளேபோர்ட். இவற்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் பொதுவாக இரண்டு மானிட்டர் மாட்டலாம். வி.ஜி.ஏ. பழைய முறை. எழுத்து சற்று மங்கலாகத் தெரியும். அதை இரண்டாவது திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கன்வெர்ட்டர் வாங்கும்போது பலர் ஏமாறுவது திசையில். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் சாதாரண கேபிள், எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு வேலை செய்யாது. "கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்.டி.எம்.ஐ." என்று இரண்டு முனையையும் சொல்லிக் கேளுங்கள். ஒரு வழியை இரண்டாகப் பிரிக்கும் மலிவான ஸ்ப்ளிட்டரும் வேண்டாம். இரண்டு திரையிலும் ஒரே படத்தைத்தான் அது காட்டும்.

மாட்டிய பிறகு விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் எந்தத் திரை இடது, எது வலது என்று மேசையில் இருக்கிறபடி இழுத்து வையுங்கள்.

இரண்டும் புது மானிட்டராக இருக்க வேண்டியதில்லை. படம் பார்க்கும் திரை மட்டும் ஐ.பி.எஸ். வகையாக இருக்கட்டும். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் அதில் நிறம் மாறித் தெரியாது. மணமகளின் பட்டுச் சேலை ஊதாவா நீலமா என்று குழம்ப வேண்டியிருக்காது. டைம்லைன் திரைக்கு வீட்டில் கிடக்கும் பழைய மானிட்டரே போதும்.

கிராபிக்ஸ் கார்டு: அவசரப்பட வேண்டாம்

கார்டு எதற்கு உதவுகிறது? நிறம் திருத்துதல், எஃபெக்ட் சேர்த்தல், முடிந்த வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தல் ஆகியவற்றில் பிராசஸரின் சுமையைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் இன்டெல் உள் கிராபிக்ஸிலும் குயிக் சிங்க் என்ற வீடியோ பகுதி இருக்கிறது. சாதாரண ஃபுல் எச்.டி. வேலைக்கு அதுவே நன்றாக ஓடும். டாவின்சி ரிசால்வ் போல கார்டையே நம்பி ஓடும் மென்பொருளில் வேலை செய்யத் தொடங்கும்போது கார்டு வாங்கலாம்.

வாங்குவதானால் முதலில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டர்களில் 240 அல்லது 260 வாட்தான் இருக்கும். பெரிய கார்டு கேட்கும் தனி மின் ஒயரும் அதில் இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். அதற்குள் அடங்கும் கார்டுகளைத்தான் தேட வேண்டும். ஜி.டி.எக்ஸ். 1650, ஆர்.டி.எக்ஸ். 3050-இன் 6 ஜி.பி. மாடல் போன்றவற்றில் தனி ஒயர் தேவைப்படாத வகைகள் உண்டு. ஒரே பெயரில் ஒயர் கேட்கும் வகையும் இருப்பதால் பெட்டியைத் திறந்து பார்த்தே வாங்குங்கள். கேபினட் ஒல்லியான சிறிய வகை என்றால், அரை உயரக் கார்டுதான் உள்ளே போகும்.

ஜி.டி. 1030 போன்ற மலிவுக் கார்டு இரண்டு மானிட்டரில் படம் காட்டும். ஆனால் அதில் வீடியோ எக்ஸ்போர்ட்டை வேகப்படுத்தும் என்கோடர் பகுதி கிடையாது. எடிட்டிங்குக்கு என்று சொல்லி அதை விற்றால் வாங்காதீர்கள். இன்டெல் ஆர்க் கார்டுகளும் பழைய மதர்போர்டுகளில் முழுத் திறனைத் தராது.

கார்டு மாட்டிய பிறகு மானிட்டர் கேபிள் இரண்டையும் கார்டில் செருக வேண்டும். மதர்போர்டிலேயே விட்டுவிட்டு, "கார்டு வேலை செய்யவில்லை" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

காசில்லாத வேகம்: ப்ராக்ஸி

4கே வீடியோ டைம்லைனில் தடுக்கித் தடுக்கி ஓடுகிறதா? கம்ப்யூட்டரை மாற்றும் முன் ப்ராக்ஸி முறையைப் பயன்படுத்துங்கள். மூல வீடியோவுக்குச் சிறிய அளவில் ஒரு நகலை மென்பொருளே உருவாக்கும். நீங்கள் அந்த நகலில் வெட்டி ஒட்டுகிறீர்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது மூல வீடியோவையே அது எடுத்துக்கொள்ளும். தரம் குறையாது. நகல் உருவாக நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

மென்பொருளுக்கும் காசு கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே 4கே வரை வீடியோ எடுக்கலாம். அது கனமாக இருந்தால் கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் முற்றிலும் இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். இவை இருக்கும்போது கிராக் செய்த மென்பொருளை ஏற்றுவது உரியவரின் உழைப்பை அனுமதியின்றி எடுப்பது மட்டுமல்ல, வைரஸ் நுழையும் வாசலும்கூட. எல்லாக் கோப்பையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அந்த வழியாகவும் வருகிறது. அப்படி ஆனால் ஒரு குடும்பத்தின் நிக்காஹ் பதிவு திரும்பக் கிடைக்காது.

பதிவுகள் அமானிதம்

ஒரு குடும்பம் தங்கள் வீட்டுப் பெண்கள் பகுதியில் எடுத்த வீடியோவை நம்பிக் கொடுக்கிறது. அது நம்மிடம் உள்ள அமானிதம். எடிட்டிங் செய்யும் பிள்ளைகள் பாகம் மாற்றும்போது இதை மறக்கக் கூடாது.

டெலிட் செய்தால் கோப்பு அழிந்துவிடுவதில்லை. குயிக் ஃபார்மேட் செய்தாலும் அப்படியே. எளிய மென்பொருள் கொண்டு திரும்ப எடுத்துவிடலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்பதாக இருந்தால் குயிக் ஃபார்மேட் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யுங்கள். எஸ்.எஸ்.டி. என்றால் அந்த நிறுவனத்தின் மென்பொருளில் உள்ள செக்யூர் இரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் விற்கவே வேண்டாம். கம்ப்யூட்டரைப் பழுதுக்குக் கொடுக்கும்போது வேலை இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். ரேமோ மானிட்டரோ பழுது பார்க்க அது தேவையில்லை.

வேலை முடிந்து வாடிக்கையாளர் கைக்குப் போகும் வரை பதிவு இரண்டு டிஸ்க்கில் இருக்கட்டும். ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கும். வேலை ஒப்படைத்த பின் எத்தனை நாள் வைத்திருப்போம், எப்போது அழிப்போம் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். மின்தடை வரும் ஊர்களில் சிறிய யு.பி.எஸ். ஒன்றும் அவசியம். எக்ஸ்போர்ட் முழுவதும் தாங்காவிட்டாலும், சேமித்து முறையாக அணைக்கச் சில நிமிடம் தரும்.

தவணையும் வட்டியும்

"வட்டியில்லாத் தவணை" என்று கடையில் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், சைபர் சதவீத வட்டி என்று ஒன்று இல்லை என்றும், கிரெடிட் கார்டு தவணைகளில் வட்டி பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமாக மறைந்திருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறது. கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: முழுப் பணம் இப்போதே கொடுத்தால் என்ன விலை? தவணையில் எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பெயரில் எழுதப்பட்டிருந்தாலும் உங்கள் பையிலிருந்துதான் போகிறது. அது வட்டி என்று தெரிந்தால் விலகிக்கொள்ளுங்கள்.

மாறாக, வேலையின் வரவை வைத்தே பாகத்தை வாங்குங்கள். கைப்பணத்தில் எஸ்.எஸ்.டி. மாட்டி, வீட்டில் உள்ள ஒரே மானிட்டரில் தொடங்கட்டும். முதல் இரண்டு மூன்று வேலையின் வரவில் ரேம், அடுத்து இரண்டாவது மானிட்டர், அதன் பிறகும் தேவை என்று டாஸ்க் மேனேஜர் காட்டினால் கிராபிக்ஸ் கார்டு. முதல் படிக்கே வழியில்லாத குடும்பங்கள், மஹல்லாவில் பைத்துல்மால் இருந்தால் வட்டியில்லாக் கடன் கிடைக்குமா என்று ஜமாஅத்தில் விசாரிக்கலாம். என்ன பாகம், எந்த விலை, எத்தனை மாதத்தில் திருப்புவோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும்.

கடைக்குப் போகும் முன் இந்த ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: பிராசஸரின் பெயர், கம்ப்யூட்டரின் மாடல் எண், ரேமின் வகையும் காலி ஸ்லாட்டும், எஸ்.எம்.பி.எஸ். வாட், பின்பக்கம் உள்ள மானிட்டர் வழிகள். மூன்று கடையில் விலை கேளுங்கள். பில்லோடு வாங்குங்கள், வாரண்டி தாளைப் பத்திரப்படுத்துங்கள். பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய 8 ஜி.பி. ரேமோ பழைய மானிட்டரோ, இதே வேலையைக் கற்கத் தொடங்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாளை உதவும், இன்ஷா அல்லாஹ்.